ஆளில்லா விமானம், ஆளில்லா நிலம்

உடன்குடிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் என் அக்கா மகன் சில வருஷங்களுக்கு முன் ட்ரோன் ஒன்று வாங்கினான். கல்யாணம் இல்லாத மாதங்களில் அதைத் தூக்கிக்கொண்டு குதிரைமொழித் தேரிக்குப் போய்விடுவான். ஒருநாள் ராத்திரி போனில் நாலு நிமிஷப் படம் ஒன்றைக் காட்டினான். சிவந்த பள்ளத்தாக்குகள், செங்குத்துச் சுவர்கள், நடுவே மேசை மேசையாக நிற்கும் மேடுகள், ஒரு விளிம்பைத் தாண்டியதும் திடீரென்று வாய் பிளக்கும் ஆழம். 'அமெரிக்காவாலே?' என்றேன். 'நம்ம தேரிதான் மாமா. கிராண்ட் கேன்யன் மாதிரி இல்ல?' என்றான். மாதிரியேதான் இருந்தது. பின்னணிக் குரலுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். 'மனிதக் காலடி படாத செந்நிலம்' என்பது அதில் ஒரு வரி. இந்தக் கட்டுரை அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முயற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

தேரியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் ஆகிய ஊர்களைச் சுற்றியும், வடக்கே சாயர்புரம் பக்கமும், இன்னும் தள்ளி இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கமும் விட்டுவிட்டுக் கிடக்கும் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். ஆங்கிலப் புவியியல் நூல்களும் வேறு சொல் கிடைக்காமல் 'தேரி' என்றே எழுதுகின்றன. மணல்துகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்ததால் வந்த சிவப்பு இது. மணல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கதை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் செம்மண்ணைக் கணவாய்கள் வழியாக இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாரிக்கொண்டு வந்து கடற்கரைப் பக்கம் கொட்டியது என்பது ஒன்று. கடைசிப் பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்து கிடந்தபோது வெளிப்பட்ட கடலடி மணலைக் காற்று உள்ளே தள்ளி, அது இங்கே கிடந்து சிவந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் காற்றுதான் கர்த்தா. ஆடி மாசம் தேரிக்குள் நடந்து பாருங்கள், இரண்டு கதையும் சேர்ந்து கண்ணில் விழும்.

ஆனால் படத்தில் வந்த பள்ளத்தாக்குகளைச் செய்தது மழை. இந்த மாவட்டத்துக்கு வருஷ சராசரி 600 மி.மீ.க்கு மேல். பாலைவனம் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் கொடுக்காது. இருந்தும் இணையத்தில் தேரிப் படங்களுக்கு வைக்கிற தலைப்பெல்லாம் 'தமிழ்நாட்டின் சஹாரா', 'செவ்வாய்க் கிரகம்' என்கிற ரகம்தான். அந்த மழையும் வருஷம் முழுக்கப் பரவலாகப் பெய்வதில்லை. ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். காய்ந்த வெறும் மணலாக இருந்தால் முப்பது முப்பத்தைந்து டிகிரிச் சரிவுக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். தேரி மணலில் இரும்பும் கொஞ்சம் களியும் சேர்ந்து துகள்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. எனவே ஓடும் தண்ணீர் அதை வெட்டும்போது வெட்டுச்சுவர் செங்குத்தாகவே நின்றுவிடுகிறது. ஓடை ஓடையாகக் கிளைத்து, கிளைகள் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் மிஞ்சியது மேடாகிறது. கொலராடோ நதி தன் பள்ளத்தாக்கை வெட்டியதும் தண்ணீரின் இதே வேலைதான். அங்கே பாறையை வெட்ட லட்சக்கணக்கான ஆண்டுகள், இங்கே மணலை வெட்ட ஒரு பருவம். அங்கே மேட்டின் தலையில் கெட்டியான பாறைப்படிவு மூடிபோல உட்கார்ந்து கீழே உள்ளதைக் காப்பாற்றுகிறது. இங்கே அப்படி மூடி கிடையாது, அடுத்த மழையில் மேடு கரையும்.

மண்ணரிப்புக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. எந்த அளவில் பார்த்தாலும் அது ஒரே மாதிரி இருக்கும். ஒரு கையளவு ஓடையும் ஒரு மைல் அகல ஓடையும் படத்தில் ஒரே சாயல். மண்ணியலாளர்கள் படம் எடுக்கும்போது பாறைமேல் சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பது இதனால்தான். அதை எடுத்துவிட்டால் அவர்களுக்கே தெரியாது, பார்ப்பது பத்தடியா ஆயிரம் அடியா என்று. ட்ரோன் படம் செய்வதெல்லாம் அந்தச் சுத்தியலை எடுத்துவிடுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தேரியில் சுத்தியலின் வேலையைப் பனை செய்கிறது. பனையின் உயரம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பனை சட்டகத்துக்குள் வந்துவிட்டால் பள்ளத்தாக்கு ஓடையாகிவிடும். ஆகவே அக்கா மகன் பனை வராத கோணமாகத் தேடுகிறான். ஆடு மேய்க்கிறவர் வந்தால் அவர் போகும்வரை காத்திருக்கிறான். அவன் பாஷையில் இதற்குப் பெயர் 'ஃப்ரேமைக் க்ளீன் பண்றது'.

மற்ற வித்தைகளையும் அவனே சொன்னான். காலை ஆறரைக்குள் அல்லது சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு பறக்கவிட வேண்டும். உச்சிவெயிலில் செங்குத்தாகக் கீழே பார்த்தால் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகி ஒரு சிவப்புத் துணிபோலத் தெரியும். நிழல்தான் ஆழத்தைச் சொல்கிறது. மூன்று அச்சில் சுழலும் தாங்கி காற்றின் உதறலை வாங்கிக்கொள்வதால் காமிரா வழுக்கிக்கொண்டு போகிறது. உடம்பில் மாட்டிய காமிராவுக்கு இந்த வழுக்கல் கிடையாது, அதில் மூச்சு வாங்குவதும் கால் புதைவதும் தெரியும். தரையை ஒட்டி வந்து விளிம்பைக் கடந்தால் அகலவில்லையில் பள்ளம் இன்னும் பெரிதாகிறது. அப்புறம் வேகம். எடிட்டிங்கில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் பார்ப்பது பிரம்மாண்டமாகிவிடும். பொம்மைக் கப்பலை வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டி நிஜக் கப்பலாகக் காட்டியது சினிமாக்காரர்களின் பழைய தொழில், அதையேதான் இவன் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறான். கடைசியில் நிறம். செம்மணலை இன்னும் செம்மணலாக்குவது.

இதை ஏமாற்று என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்தப் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்ட நம் கண்ணைப் பற்றியும் பேச வேண்டும். நாம் எவருமே போகாத கிராண்ட் கேன்யன் எப்படி நமக்கு அளவுகோலானது? கடப்பை மாவட்டத்தில் பெண்ணாறு வெட்டிய கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கையும் 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்றுதான் விற்கிறார்கள். கௌபாய் படங்களும் காலண்டர்களும் கம்ப்யூட்டர்த் திரைகளும் சேர்ந்து செய்த ஒரு பெருங்கதையாடல் அது. அங்கே நிலம் எப்போதும் காலியாக இருக்கும். ஜான் வெஸ்லி பவல் 1869இல் அந்தப் பள்ளத்தாக்கைப் படகில் கடந்தபோது (அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த மனிதர்) அதைக் கீழேயிருந்துதான் பார்த்தார். அதற்கு முன்பே அந்தப் பள்ளத்துக்குள் பயிர் செய்து வாழ்ந்த ஹவாசுபாய் மக்களை 1882இல் 518 ஏக்கருக்குள் அடைத்தார்கள். 1919இல் சுற்றுப்புறம் தேசியப் பூங்காவானது. அவர்களுடைய நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க 1975 ஆனது. காலியாகத் தெரிவதற்கு முன்னால் காலிசெய்யப்பட்ட நிலம் அது. வேடிக்கை என்னவென்றால் அந்த நாட்டின் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் ட்ரோனுக்கே தடை.

இடையில் ஒரு சொல் விஷயம். தட்டையான தலையுடைய அந்த மேடுகளுக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர் 'மேசா'. மேசை என்று அர்த்தம். நாம் சாப்பாடு வைக்கிற, எழுதுகிற மேசையும் அதே வேரிலிருந்து வந்ததுதான், போர்த்துகீசியர் வழியாக. முத்துக்குளித்துறைக்கு அவர்கள் வந்து பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றது 1530களில். ஒரே சொல் அமெரிக்காவில் நிலத்தின் பெயராகவும் தமிழில் வீட்டுச் சாமானாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் 'மேசை மேசையாக நிற்கும் மேடுகள்' என்று மேலே எழுதியபோது நான் எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பதை எனக்கே காட்டிக்கொடுத்தது.

மேலிருந்து பார்ப்பதைப் பற்றிக் கோட்பாட்டாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ரொலான் பார்த் 1964இல் ஐஃபல் கோபுரத்தைப் பற்றி எழுதினார்: உச்சியிலிருந்து பார்க்கிறவனுக்கு நகரம் வாசிக்கத்தக்க பிரதியாகிவிடுகிறது. மிஷேல் த செர்த்தோ நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து 110ஆவது மாடியில் நின்றுகொண்டு, இந்த மகிழ்ச்சி யாருடைய மகிழ்ச்சி என்று கேட்டார். கீழே நடக்கிறவர்கள் தங்கள் கால்களால் எழுதும் நகரம் மேலே இருப்பவனுக்குத் தெரிவதில்லை என்பது அவர் வாதம். (அந்த மாடி 2001இல் இல்லாமல் போயிற்று.) எங்கிருந்தும் பாராமல் எல்லாவற்றையும் பார்ப்பதாகப் பாவனை செய்யும் பார்வையைக் கடவுள் வித்தை என்று டோனா ஹாரவே 1988இல் கேலி செய்தார். தூத்துக்குடிக்காரனுக்கு உயரத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைச் சொல்லப் பாரிஸும் நியூயார்க்கும் வேண்டியதில்லை. 2018 மே 22இல் போலீஸ் வாகனத்தின் கூரைமேல் ஏறி நின்று துப்பாக்கியால் குறிபார்த்த உருவம் ஒன்றே போதும். அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள்.

ஆனால் உயரம் என்றாலே அதிகாரம் என்று ஒரே மூச்சில் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வானிலிருந்து முதல் புகைப்படம் எடுத்தவர் நதார் என்கிற பிரெஞ்சுக்காரர். 1858இல் பாரிஸுக்கு வெளியே பலூனில் ஏறி எடுத்தார். இந்தப் பெயரை முதன்முதலாக வாசித்தபோது சிரித்துவிட்டேன். தேரிக்காட்டில் தினமும் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தவர்களின் பெயரும் கிட்டத்தட்ட அதுதானே. பனையேறி பங்குனியிலிருந்து ஆடிவரை காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறுகிறார். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் முருக்குத்தடி. அறுபதடி உயரத்தில் பாளை சீவி, கலயத்தில் சேர்ந்த பதநீரை இறக்குகிறார். அங்கிருந்து அவர் பார்ப்பதும் வான்காட்சிதான். எந்தப் பக்கம் மேகம் கூடுகிறது, எந்த விளையில் ஆள் இறங்கியிருக்கிறது, தருவையில் தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது, எல்லாம் தெரியும். வித்தியாசம் என்னவென்றால் அவருடைய உயரம் ஒரு மரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ஏறிய மரத்திலேயே இறங்க வேண்டும். தவறினால் விழுவதும் அவர்தான். ட்ரோன் விழுந்தால் விழுவது ட்ரோன் மட்டும்.

இந்த ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதி ஊர் 'விளை'யில் முடியும். விளை என்றால் வேலி போட்டு, பனை வைத்து, கிணறு தோண்டி, மணலோடு மல்லுக்கட்டி உண்டாக்கிய தோட்டம். 'குடியிருப்பு' என்று முடியும் ஊர் இன்னொரு பாதி. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கள்ளர்வெட்டுத் திருவிழாவன்று இளநீர் வெட்டிய இடத்துச் செம்மணலை ஜனங்கள் முந்தியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார், அதாவது மணலுக்கு நடுவே ஊறும் சுனைக்குக் காவல் நிற்கும் சாமி. மழைத் தண்ணீரை மணல் விழுங்கிக் கீழே வைத்திருந்து ஓரங்களில் மெல்ல விடுவதுதான் சுனைக்கும் தருவைக்கும் மூலம். புத்தன்தருவை, வைரவம் தருவை எல்லாம் இப்படி மணல்மேடுகளுக்கு அருகே தேங்கிய ஏரிகள். மேலேயிருந்து பார்க்கிறவனுக்குத் தேரி வறண்ட சிவப்பு. கீழே அது ஒரு தண்ணீர்ப் பானை. இந்தப் பானை எந்தக் காமிராவிலும் விழாது.

இதற்கெல்லாம் என்ன அவசரம் என்றால், 'காலி நிலம்' என்ற பிம்பம் வெறும் பிம்பமாக நின்றுவிடுவதில்லை. ரெவின்யூ பதிவேட்டில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் காத்திருக்கிறது: தரிசு. அதிலும் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று சாதிப்பிரிவு உண்டு. சாத்தான்குளம் வட்டாரத் தேரி மணலிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்க டாடா ஸ்டீல் முன்வைத்த திட்டம் 2007இல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்து நின்றுபோனது. அப்போது டீக்கடைகளில் நடந்த சண்டையே இந்தச் சொல்லைப் பற்றித்தான். ஒருத்தர் 'அங்க என்னவே இருக்கு, வெறும் மணலு' என்பார். இன்னொருத்தர் எழுந்து தன் விளையில் உள்ள முருங்கை, முந்திரி, பனை என்று எண்ண ஆரம்பிப்பார். 2024 பிப்ரவரி 28இல் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2,000 ஏக்கருக்கு மேல் எடுக்கப்பட்ட நிலம். தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம் என்பது விஞ்ஞானிகள் சொல்லும் காரணம், சரியான காரணம்தான். ராக்கெட் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தைப் பற்றி நாட்டின் மற்ற பகுதி பார்க்கிற முதல் படமே ஆள் நடமாட்டமற்ற ஒரு செவ்வாய்க் கிரகம் என்றால், அங்கே நஷ்டஈட்டைப் பற்றி, பனையின் விலையைப் பற்றிப் பேச வருகிறவர் எங்கிருந்து முளைத்தார் என்றல்லவா தோன்றும்?

இதே கருவி வேறு வேலையும் செய்யும் என்பதை மறைக்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தால் அவற்றிலிருந்து ஒவ்வொரு ஓடையின் ஆழத்தையும் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கலாம். ஒரு மழைக்கு எவ்வளவு மணல் போனது என்று சொல்லலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டிய பிறகு இப்படி ஒரு கணக்கு எவ்வளவு உபயோகமாக இருக்கும்! தூத்துக்குடிக்கு எதிரே கடலில் வான் தீவு பவளப்பாறைகளை இழந்து 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதை ஜனங்கள் முன் வைத்ததில் வானிலிருந்து எடுத்த படங்களுக்குப் பங்கு உண்டு. இங்கே படத்தோடு அளவுகோல் கூடவே இருந்தது. அளக்கும் ட்ரோனுக்குத் தரையில் குறிகள் தேவை. யாராவது ஒருவர் மணலில் நடந்துபோய் அந்தக் குறிகளை வைத்துவிட்டு வர வேண்டும். சட்டமும் இப்போது தாராளம்தான். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்படி பச்சை மண்டலத்தில் 400 அடிவரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். மெஞ்ஞானபுரம் தேவாலயக் கோபுரத்தைவிட இரண்டு மடங்கு உயரம்.

இந்தக் கரைக்குப் பார்க்க முடியாத நிலத்தை அறியும் வேறொரு மரபும் இருந்தது. முத்துப்பார்கள் கடலடியில் கிடக்கும் மேடுகள். அவற்றை எவரும் மேலிருந்து பார்த்ததில்லை. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் மணப்பாட்டு மணற்குன்றையும் பனைக்கூட்டத்தையும் ஒன்றோடொன்று நேர்ப்படுத்தி வள்ளத்தை நிறுத்துவார்கள். காலில் கல்லைக் கட்டி ஏழெட்டுப் பாகம் இறங்கி, மூச்சு இருக்கும்வரை தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்து, அடியில் பாறையா மணலா, சிப்பி இளசா முற்றலா என்று சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற மீன்வளத்துறை அதிகாரிகள் பார்களை ஆராய்ந்து அறிக்கை எழுதியதும் இந்தக் குளியாட்களின் விரல்களை நம்பித்தான். 1961இல் நடந்ததே கடைசிச் சலாபம். அந்த அறிவில் நிலத்தைத் தொடாமல் எதுவும் சொல்ல முடியாது. தொட்டவருடைய மூச்சுக்கும் ஒரு கணக்கு இருந்தது.

என் வரிக்கு வருகிறேன். 'மனிதக் காலடி படாத.' தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கற்கருவிகளை ராபர்ட் புரூஸ் ஃபுட் 19ஆம் நூற்றாண்டிலேயே பொறுக்கியிருக்கிறார். 1956இல் சாய்னரும் ஆல்சினும் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். படிகக்கல்லிலும் சேர்ட் கல்லிலும் நகத்தளவு செதுக்கிய கருவிகள். அதாவது பல ஆயிரம் வருஷத்துக் காலடி. இதெல்லாம் எழுதும்போது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் படத்துக்கு அந்த வரி பொருத்தமாக விழுந்ததால் எழுதினேன். படம் என்னை எழுதியது என்று கோட்பாட்டு பாஷையில் தப்பித்துக்கொள்ளலாம். சோம்பல் என்பதுதான் சரி.

போன பங்குனியில் அக்கா மகனோடு தேரிக்குப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிய பனையேறி ஒருத்தர், இன்னும் பத்து மரம் ஏறுகிறவர், பதநீர் கொடுத்தார். அவருக்கு அந்த நாலு நிமிஷப் படத்தைக் காட்டினான்.

'எந்த ஊருலே இது?'

'நம்ம தேரிதான் தாத்தா.'

'ஒரு பனையக் காணோம்?' என்றார். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது நிமிஷத்தில் 'நிப்பாட்டு, நிப்பாட்டு' என்று திரையைத் தொட்டார். சிவப்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, ஓடையின் விளிம்பை ஒட்டி வளைந்து போயிற்று. நாங்கள் இருவரும் எத்தனையோ தடவை பார்த்தும் கண்ணில் படாதது. 'இது நான் வெள்ளன மரத்துக்குப் போற தடம்லா' என்றார்.

சாயங்கால வெளிச்சம் வந்ததும் அவன் ட்ரோனை ஏற்றினான். பெரியவர் அருவாப்பெட்டியோடு ஓடைக்குள் இறங்கி, 'நான் இங்கன நிக்கட்டா?' என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நிற்கட்டும் என்றேன். எனக்கு மூச்சடைத்துப்போன அந்தப் பள்ளத்தாக்கு அவர் மார்பளவுக்குத்தான் இருந்தது.